நிரலாக்க மொழிகளில் முக்கோணவியல் சார்புகள்

நிரலாக்க மொழிகளில் முக்கோணவியல் சார்புகள் என்பவை ஒரு கோணத்தை உள்ளீடாகப் பெற்று, அதன் சைன், கோசைன், டேன்ஜென்ட் ஆகிய மதிப்புகளைத் திருப்பித் தரும் செயற்கூறுகள் ஆகும். சி, ஜாவா, பைத்தான் முதலிய மொழிகளின் கணித நூலகங்களில் இவை இடம்பெற்றுள்ளன.

பின்னணி

கணினிக்கு முற்பட்ட காலத்தில் இம்மதிப்புகள் அச்சிட்ட அட்டவணைகளிலிருந்து எடுக்கப்பட்டன. வில்லியம் லாம்டன் 1802-ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து தம் முக்கோணவியல் நில அளவையைத் தொடங்கினார். அது திருநெல்வேலிச் சீமை வழியாகக் குமரிமுனை வரை சென்றது. பாளையங்கோட்டைப் பகுதியிலும் ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது. வழியில் சேர்ந்த பிழையைக் கண்டறிய இத்தகைய அடிக்கோடுகள் உதவின.

கோண அலகு

மேற்கூறிய மொழிகளில் கோணம் ரேடியனில் (ஆரையன்) தரப்பட வேண்டும், பாகையில் அன்று. 180 பாகை என்பது பை (3.14159...) ரேடியனுக்குச் சமம். எனவே,

ரேடியன் = பாகை × பை ÷ 180

எடுத்துக்காட்டு

தாமிரபரணிக் கரையில் அ, ஆ என்னும் இரு இடங்கள் 5 கி.மீ. இடைவெளியில் உள்ளதாகவும், இ என்பது ஒரு மலையுச்சி எனவும் கொள்க. அ-வில் கோணம் 60 பாகை, ஆ-வில் 70 பாகை எனில், இ-யில் 50 பாகை. சைன் விதிப்படி,

ஆஇ = 5 × சைன்(60 பாகை) ÷ சைன்(50 பாகை) = 5.65 கி.மீ.

பாகையை மாற்றாமல் 60, 50 என்னும் எண்களை அப்படியே கொடுத்தால் கணினி அவற்றை ரேடியனாகக் கருதும். அப்போது இரு சைன் மதிப்புகளும் எதிர்ம எண்களாகி (−0.305, −0.262), வகுக்கும்போது குறிகள் நீங்கி, விடை 5.81 கி.மீ. என வரும். பிழைச்செய்தி ஏதும் தோன்றாது; விடையும் நம்பத்தக்கதாகவே இருக்கும். ஆனால் ஏறத்தாழ 156 மீட்டர் தவறு நேர்ந்திருக்கும்.

கவனிக்க வேண்டியவை

* விடை தெரிந்த கோணத்தால் நிரலைச் சோதித்தல் நன்று. 30 பாகையின் சைன் 0.5 ஆகும், −0.988 என வந்தால் அலகு மாற்றப்படவில்லை என்பது பொருள்.
* நேர்மாறுச் சார்புகளின் விடையும் ரேடியனிலேயே கிடைக்கும்.
* பையின் மதிப்பு கணினியில் தோராயமானதே. ஆகவே சைன்(பை) சரியாகச் சுழியம் ஆகாமல், 0-க்கு மிக அருகிலான ஓர் எண்ணாக வரும். இதைச் சுழியத்துடன் நேரடியாகச் சமன்பார்த்தல் கூடாது.

இவற்றையும் பார்க்கவும்

* சைன் விதி
* ரேடியன்
* மிதவைப் புள்ளி எண்கள்