உப்பைத் தும்மும் பல்லிக்கு ஒரு வீடு

கோலார் தங்கவயலின் ஊரிகத்திலிருந்து வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். மாரிக்குப்பம் ரயிலில் தினமும் பெங்களூருவுக்கு வேலைக்குப் போகும் அவர் மகன் ஒரு நாள் பைக்குள் பச்சைப் பல்லி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான். அப்போது கையளவு, இப்போது மூன்றடி. மீன்தொட்டி போதவில்லை. தச்சரிடம் கூண்டு செய்யச் சொன்னால் என்ன அளவு சொல்வது என்பது முதல் கேள்வி. கண்ணாடியில் தினமும் வெள்ளைப் பொடி தெறிக்கிறதே, பல்லிக்குச் சளியா என்பது இரண்டாவது.

பல்லி இகுவானாதான் என்பது அவர் எழுதியதிலிருந்து தெரிகிறது. நல்லவேளை. அது உடும்பாக இருந்திருந்தால் கூண்டைப் பற்றிப் பேச இடமே இல்லை. உடும்பு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; பிடித்தாலும் வளர்த்தாலும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. இகுவானா மெக்சிகோ முதல் தென்னமெரிக்கா வரையுள்ள காடுகளின் மரவாசி. அதை வளர்க்கத் தடையில்லை, பதிவு செய்ய வேண்டும். 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024-இல் விதிகளும் வந்துவிட்டன. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விவரம் தர வேண்டும். விற்பவர் இதைச் சொல்வது அபூர்வம். சென்னையிலும் பெங்களூருவிலும் விமான நிலையங்களில் பயணப்பெட்டிக்குள் திணித்த பல்லிகள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. பிடிபடாதவை எங்கே போகின்றன என்று கேட்டுப் பார்த்தால் கடைக்காரரின் மௌனத்துக்குப் பொருள் விளங்கும்.

இனி அளவு. நன்றாக வளர்ந்த இகுவானா வாலோடு ஐந்தடிக்குக் குறையாது, ஆறடியும் தொடும். பதினைந்து ஆண்டு வாழலாம். அதற்குக் குறைந்தபட்சம் ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஆறடி உயரமுள்ள கூண்டு வேண்டும். உயரம் எவ்வளவு கூடினாலும் நல்லது, ஏனென்றால் அது தரையில் நடப்பதைவிடக் கிளையில் கிடப்பதையே விரும்பும். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு முன்னறையில் இதை வைத்தால் வீட்டுக்காரர் வாசலில்தான் படுக்க வேண்டும். பல்லி வாங்கும் முன் இன்ச் டேப் வாங்கியிருக்க வேண்டும்!

கூண்டின் சட்டத்துக்குத் தடித்த பிளைவுட் போதும். பார்ட்டிகிள் போர்டு வேண்டாம். உள்ளே ஈரம் எப்போதும் இருக்கும், ஒரே மழைக்காலத்தில் உப்பிப் பிளந்துவிடும். உள்பக்கம் நீர்கலந்த பாலியூரித்தேன் பூச்சு அடித்து, வாடை முற்றிலும் போகும்வரை பல்லியை உள்ளே விடாமல் காயவிட வேண்டும். கிளைகள் பல்லியின் உடம்பளவாவது தடிமனாக இருக்கட்டும். கொய்யாக் கிளை அருமையாக நிற்கும்.

காற்றோட்டத்தைத் தங்கவயல்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு ஷாஃப்டில் நல்ல காற்று இறங்கி, இன்னொரு ஷாஃப்டில் சூடான காற்று வெளியேறினால்தான் சுரங்கத்தில் ஆள் நிற்க முடியும். இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனபோது பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. காற்றைக் குளிரவைத்து அனுப்ப வேண்டியிருந்தது. கூண்டிலும் அதே கணக்கு: ஒரு பக்கத்தில் அடியில் துளை வரிசை, எதிர்ப்பக்கத்தில் உச்சியில் இன்னொரு வரிசை. சூடான காற்று தானாக மேலேறிப் போகும், புதியது கீழே நுழையும். மின்விசிறி வேண்டாம்.

வெப்பம் கூண்டு முழுக்க ஒரே மாதிரி இருக்கக் கூடாது. இகுவானா தன் உடல்வெப்பத்தைத் தானே உண்டாக்காது. இடம் மாறி மாறித்தான் சமாளிக்கும். ஒரு முனையில் மேல்கிளைக்கு அருகே 35 டிகிரி, மறு முனையில் 26 அல்லது 27. இலைதழையை அதன் பெருங்குடலில் நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கும் அந்தச் சூடு தேவை. குளிரில் கிடக்கும் இகுவானா வயிறு நிறையத் தின்றாலும் செரிக்காது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரிகத்தில் மார்கழி இரவுகள் சென்னை இரவுகள் அல்ல. ஒளியில்லாத செராமிக் ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் கட்டாயம். சூடுகல் என்று கடையில் விற்பதை மட்டும் தொடவே வேண்டாம். காட்டில் சூடு தருவது சூரியன், அது மேலிருந்து வருகிறது. வயிறு வெந்துகொண்டிருப்பதை உணர்ந்து எழும் பழக்கம் இகுவானாவுக்கு இல்லை. பல்புக்குக் கம்பிக்கூடும் போட வேண்டும், இல்லாவிட்டால் அதையும் கட்டிப்பிடித்துக்கொள்ளும்.

ஒளியில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். எலும்புக்குக் கால்சியம் சேர வைட்டமின் டி3 வேண்டும், அது தோலில் உருவாக புறஊதா பி கதிர் வேண்டும். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. ஜன்னலோரம் தொட்டியை வைத்துவிட்டு, வெயில் படுகிறது என்று நிம்மதியாக இருந்த வீடுகளில் தாடை மெத்தென்று வீங்கி, கால் வளைந்துபோன இகுவானாக்கள் எத்தனையோ. தனி யுவிபி குழல்விளக்கு வாங்க வேண்டும். அது எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் கதிர் மெல்லத் தீர்ந்துவிடும். ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் மாற்றியாக வேண்டும். வாசலில் கம்பிவலைக் கூண்டில் வைத்துக் காலை வெயில் காட்டினால் விளக்கைவிட மேல், ஆனால் பாதி நிழல் இருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் பல்லி வெந்துவிடும்.

இப்போது அந்த வெள்ளைப் பொடி. இந்தப் பிராணியிடம் உள்ள விசித்திரங்களில் மிக அழகானது அதுதான், நோயல்ல, உப்பு!

நம் சிறுநீரகம் ரத்தத்தைவிட அடர்த்தியான சிறுநீரை உண்டாக்கும். ஊர்வனவின் சிறுநீரகத்துக்கு அந்த வித்தை கிடையாது. இலைகளில் பொட்டாசியம் மிகுதி. அத்தனையையும் சிறுநீரில் தள்ளப் போனால் உடம்பின் தண்ணீரும் சேர்ந்து வெளியேறிவிடும். எனவே இகுவானாவின் மூக்குக்குள் ஒரு ஜோடி உப்புச்சுரப்பிகள் ரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து, அடர்ந்த நீராகச் சேர்க்கின்றன. சட்டென்று ஒரு தும்மல். துளிகள் காய்ந்தால் பொடி. கடல் ஊர்வனவின் உப்புச்சுரப்பிகளைப் பற்றி 1958-இல் கனூட் ஷ்மிட்-நீல்சனும் ராக்னர் ஃபாங்கேயும் எழுதிய பிறகுதான் இந்த ஏற்பாடு விஞ்ஞானிகளுக்கு விளங்கத் தொடங்கியது. கலாபகஸ் தீவுகளின் கடல் இகுவானா கடற்பாசி தின்று சோடிய உப்பைத் தும்முகிறது; ஊரிகத்து வீட்டில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசிய உப்பை. தும்மல் உலர்ந்து, பல்லி சுறுசுறுப்பாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகலாம். மூக்கில் கொழகொழப்பு, வாய் திறந்த மூச்சு, குமிழி என்றால் அது வேறு கதை. கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். உப்புத் தும்மலைச் சளி என்று நினைத்து, மனிதருக்கான மாத்திரையைப் பொடித்துப் போடுவது பாவம்.

தீனிக்கு ஊரிலேயே எல்லாம் கிடைக்கும்: செம்பருத்தி இலையும் பூவும், முருங்கைக்கீரை. பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதைத் தவிர்க்கலாம். இறைச்சியும் முட்டையும் கூடவே கூடாது.

கூண்டு செய்யும் முன் ஒருமுறை வடநெம்மேலிக்குப் போய்வருவது நல்லது. 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் அங்கே தொடங்கிய முதலைப் பண்ணையில் பெரிய பல்லிகளுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று நேரில் பார்த்தால், ஆறடிப் பெட்டியே சின்னதாகத் தோன்றும்.

இவ்வளவுக்கும் இடமோ பணமோ இல்லை என்றால் வனத்துறையிடம் பேச வேண்டும். பேத்தமங்கலம் ஏரிக்கரையில் கொண்டுபோய் விடுவது புண்ணியம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஃபுளோரிடாவிலும் தைவானிலும் வளர்த்துச் சலித்தவர்கள் விட்ட இகுவானாக்களும் தப்பித்தவையும் பெருகி, தோட்டங்களைத் தின்று, வாய்க்கால் கரைகளைத் தோண்டி, இன்று அரசே ஆள்வைத்துக் கொல்லும் நிலை வந்துவிட்டது.