மனக்கணக்கு எங்கே போயிற்று?

சென்ற ஆண்டு புரட்டாசி மாதம் ஒரு நாள் காலை, மதுரை கீழமாசி வீதியில் உள்ள நமது மொத்தக் கடையில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. மேலூர்ப் பக்கத்துப் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வேனை வாசலில் நிறுத்திவிட்டுப் பதினோரு அயிட்டம் எழுதிய சிட்டையை நீட்டினார். "நீங்களே போட்டுக் கொடுங்க அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்கு மெஷின்?" என்றார். துவரை மூன்று மூட்டை, உளுந்து இரண்டு, சீனி நான்கு என்று எழுதிக் கூட்டினோம். இரண்டாம் தடவை கூட்டினால் வேறு தொகை வந்தது. மூன்றாம் தடவை இரண்டும் இல்லாத இன்னொரு தொகை. கடைசியில் அவருடைய செல்போனை வாங்கித்தான் கணக்கை முடித்தோம். அவர் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் கடையில் காலடி வைத்தது 1976-இல், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு. பேரேட்டில் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் கூட்டிக் காட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் தந்தையார் காபி சொல்லுவார். கிலோ 37 ரூபாய் 60 காசு என்றால் 50 கிலோ மூட்டை என்ன விலை? நூறு கிலோவுக்குப் போட்டுப் பாதியாக்கு, 1,880 ரூபாய். இப்படி வாய் சொல்லும்போதே கை எழுதிய காலம் அது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் கணக்கு முழுவதும் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு ஒரு பில்லைக்கூட நாம் தலையால் கூட்டவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. ஒரே லோடுக்கு லாரி வாடகையை இரண்டு முறை கொடுத்துவிட்டோம். லாரிக்காரர் நாணயமானவர், திருப்பித் தந்தார். மகன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் செக் புத்தகம் அவன் மேஜையில் இருந்தது. ஐம்பது வருடத் தொழிலில் எத்தனையோ நஷ்டம் பார்த்தோம். இந்த ஒன்று தூக்கத்தைக் கெடுத்தது.

நரம்பியல் மருத்துவரிடம் போனோம். தேதி கேட்டார், மூன்று சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தட்டுத் தடுமாறி முடித்தோம். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைவு. இடது காதும் மந்தம். "பாதி விஷயத்தை நீங்கள் மறக்கவில்லை, காதிலேயே வாங்கவில்லை" என்றார். மறதி என்றதும் பயந்து ஒளிந்துகொள்ளும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பி12 குறைவும் தைராய்டு குறைவும் மருந்தால் சரிசெய்யக் கூடியவை. காது மந்தம், சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை, உடம்பை அசைக்காமல் உட்கார்ந்திருப்பது ஆகியவை மறதி நோய்க்கு வழிவிடுகின்றன என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 14 காரணங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. நம் கடைகளில் காலை எட்டு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் எழுந்திருக்கிறோம்!

நினைவாற்றல் பெருக்கும் பயிற்சி என்று விளம்பரம் வருகிறதே, செல்போனில் மூளைக்கு விளையாட்டு இருக்கிறதாமே, பணம் கட்டலாமா என்று கேட்டோம். அவர் சொன்னதையும் பிறகு நாம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

பயிற்சியால் மூளை மாறுவது உண்மை. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் லைசென்ஸ் வாங்கச் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். மூன்று நான்கு வருடம் ஆகும். எலினார் மக்வயர் என்ற அம்மையாரின் குழு 2000-இல் அவர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு பயிற்சிக்கு வந்த 79 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும் அது வளர்ந்திருந்தது. ஆனால் வேறொரு வகை நினைவுச் சோதனையில் அவர்களே பின்தங்கினார்கள். அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. நினைவுக்குப் பயிற்சி எடுத்தவர்களுக்கு நினைவு கூடியது, யோசிக்கும் பயிற்சி எடுத்தவர்களுக்கு யோசனை கூடியது. ஒன்றில் பழகியது மற்றதற்குப் போய்ச் சேரவில்லை. நம் பாஷையில் சொன்னால், உளுந்தில் போட்ட முதல் துவரையில் லாபம் தராது. செல்போனில் கட்டம் நிரப்பினால் கட்டம் நிரப்பத் தேர்ச்சி வரும். கடைக் கணக்கு வர வேண்டுமானால் கடைக் கணக்கைத்தான் போட வேண்டும். இந்த விளையாட்டை வைத்து மறதியைத் தடுப்போம் என்று விளம்பரம் செய்த ஓர் அமெரிக்க நிறுவனம், 2016-இல் 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது என்பதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். லேகியம், டானிக் பற்றி நாம் எழுதப் போவதில்லை.

நடைப்பயிற்சி விஷயம் வேறு. அதற்குக் கட்டணமும் இல்லை. 55 முதல் 80 வயது வரை உள்ள 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் வேகமாக நடக்க வைத்தார்கள். மற்றவர்களுக்குக் கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். ஒரு வருடம் கழித்து நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருத்திருந்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. 2011-இல் வெளிவந்த முடிவு இது. அந்த வயதில் வருடா வருடம் சுருங்க வேண்டிய இடம் அது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த 2 சதவீதத்தின் அருமை தெரியும்.

நம்மைப் போன்றவர்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்று ஹைதராபாத்திலிருந்து 2013-இல் வந்தது. மறதி நோய் கண்ட 648 பேரை ஆராய்ந்ததில், ஒரு மொழிக்கு மேல் பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்ததாம். குண்டூர் மிளகாய்க் கமிஷன்காரரிடம் தெலுங்கிலும், வடக்கே பருப்பு மில்காரரிடம் அரைகுறை இந்தியிலும் பேரம் பேசி வந்தோம். பிறகு அதையும் மகனிடம் விட்டோம். இப்போது அந்த போனைத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

பி12 ஊசி போட்டாயிற்று. காதில் மெஷின் வைத்திருக்கிறோம், முதல் மாதம் தராசுத் தட்டின் சத்தம்கூட இடி மாதிரி கேட்டது. வாரம் ஐந்து நாள் விடியற்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறோம். கடையில் பில் அடிப்பதற்கு முன் சிட்டையை நாம் மனத்தில் கூட்டித் தொகையை ஓரத்தில் பென்சிலால் குறிக்கிறோம், கடைப் பையன் மெஷினோடு ஒத்துப் பார்க்கிறான். தப்பினால் அவனுக்கு ஒரு வடை. ஆரம்பத்தில் நாளுக்கு நான்கு வடை தின்றான். சென்ற வாரம் மொத்தம் இரண்டுதான், அதில் ஒன்று பன்னிரண்டு ரூபாய் வித்தியாசம். செக் புத்தகம் இன்னும் மகன் மேஜையில்தான் இருக்கிறது. கையெழுத்துக்கு மட்டும் நம்மிடம் வருகிறது.