மண்டபச் சோடனை: வாடாத இலையே இலாபம்

குளிரூட்டிய மண்டபத்தில் திருமணம் வைப்போரில் பலர், படாடோபம் இல்லாத பச்சைச் சோடனையையே இப்போது என்னிடம் கேட்கிறார்கள். நிக்காஹ் வைபவமாயினும் பிற சமூகத்தவரின் கல்யாணமாயினும் கேள்வி ஒன்றுதான். இதைத் தொழிலாக எடுக்க விரும்பும் யாழ்ப்பாணத்து வியாபாரிகளுக்காகச் சில விளக்கங்கள்.

இத்தொழிலில் கையைக் கடிப்பது இலையின் விலை அல்ல, வாடல்தான். பறித்த பின்னும் இலை நீரை ஆவியாக இழந்துகொண்டே இருக்கும். குளிரூட்டி அறையின் ஈரத்தை எடுத்துவிடுவதால் இழப்பு இன்னும் கூடும். ஆகவே, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பார்த்தே இலை வாங்க வேண்டும்.

டிராசீனா, மணிபிளாண்ட் போன்ற தடித்த இலைகள் தண்ணீரில் பல நாள் நிற்கும். மேடையின் பின்புறத்தை இவற்றால் நிரப்பலாம். பன்னமும் தென்னங்குருத்தும் விரைவில் சோர்ந்துவிடும். கடைசி நேரத்தில் கட்டுங்கள். பனையோலை காய்ந்தாலும் கெடாது. அதில் விசிறியும் பூவும் வாரக்கணக்கில் முன்னரே செய்து வைக்கலாம். குடாநாட்டில் தாராளமாகக் கிடைப்பதும் அதுவே. கொழும்பிலிருந்து வரும் சரக்கோ ஏறக்குறைய 400 கிலோமீற்றர் லொறியில் வாடி வருகிறது.

இலையைக் காலையில் வெட்டி உடனே வாளித் தண்ணீரில் வையுங்கள். எமது கிணற்று நீர் சுண்ணக்கல் நிலத்து நீர். தெளித்தால் இலையில் வெள்ளைத் தழும்பு படியும். மழைநீர் தெளியுங்கள், அல்லது ஈரத்துணியால் துடையுங்கள்.

வெட்டிய இலை செலவு. பூச்சாடிச் செடியோ முதல். 2,000 ரூபாவுக்கு வாங்கிய சாடியைப் பத்து வைபவங்களுக்கு வாடகைக்கு விட்டால், ஒரு வைபவத்துக்கு விழுவது 200 ரூபாதான். பராமரிப்பும் ஏற்றுகூலியும் தனி. ஒவ்வொரு வாடகைக்குப் பின்னும் செடியை நிழலில் சில நாள் தேறவிடுங்கள்.

மலிவென்று பிளாஸ்டிக்கை நாட வேண்டாம். வைபவச் சோடனைக்குப் பொலித்தீன் பாவிப்பது 2017இலும், பிளாஸ்டிக் மாலைகள் 2023 ஒக்டோபரிலும் தடை செய்யப்பட்டன.

விலை பேசும்போது இலை, கூலி, வாகனம், கழற்றி அகற்றும் செலவு என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். மண்டபம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை முற்பணம் வாங்கும் முன்பே கேளுங்கள். இலை எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.