நெல் குட்டையான வரலாறு

சுத்தமல்லி அணையிற் பிரியும் நெல்லைக் கால்வாய் பேட்டைப் பக்கத்து வயல்களை நனைத்துச் செல்கிறது. காரும் பிசானமுமாக இருபூ விளையும் இவ்வயல்களில் முற்காலத்து நெற்பயிர் மார்பளவு ஓங்கி நிற்கும். காண அழகுதான். ஆனால் கார் அறுவடை பிந்தி ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், ஓரிரவில் பயிர் சாய்ந்து, நீரிற் கிடந்த மணி முளைவிட்டுவிடும். விளைவு பெருகட்டும் என்று உரத்தை மிகுதியாக இட்டாலோ, தாள் மேலும் நீண்டு மேலும் எளிதிற் சாயும். உழவன் என் செய்வான்?

தாளை நீட்டுவது எது? 1926இல் ஜப்பானிய அறிஞர் குரோசவா, மட்டுமீறி நெடிது வளர்ந்து மடியும் நாற்றுகளை ஆராய்ந்து, ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே அவற்றை நீட்டுகிறது என்று காட்டினார். அதற்குப் பின்னர் ஜிப்பரெல்லின் என்று பெயரிட்டனர். நோயற்ற பயிரும் அதனைத் தன்னுள் அளவாக ஆக்கிக்கொள்கிறது. இத்தகைய பொருள்களை வளரூக்கிகள் என்பர்.

ஊக்கி தண்டைப் பிடித்து இழுப்பதில்லை. அது செய்தி கொணரும் தூதே. பயிரின் உயிரணுவில் வளர்ச்சியைத் தடுத்து நிற்கும் புரதம் ஒன்று உண்டு. அதனை வாயிற்காவலன் எனலாம். ஊக்கியை ஏற்கும் வேறொரு புரதமும் உண்டு. ஊக்கி வந்து பொருந்தியதும் அது காவலனைப் பற்றிக்கொள்ளும், காவலன் அழிவான், தண்டு நீளும். ஊக்கி குறைந்தாற் காவலன் நிலைப்பான், தண்டு குறுகும். இவ்வேற்புப் புரதத்தை ஜப்பானியர் 2005இல் நெற்பயிரிலேயே கண்டனர்.

பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. அதன் பெற்றோர் இந்தோனேசியாவின் 'பேட்டா' என்ற நெட்டையும், தைவானின் 'டீ-ஜியோ-வூ-ஜென்' என்ற குட்டையும் ஆகும். (பேட்டாவுக்கும் நம் பேட்டைக்கும் உறவு ஒலியளவே.) குட்டையானதன் காரணமோ 2002இல்தான் வெளிப்பட்டது. ஜிப்பரெல்லினை ஆக்கும் நொதி ஒன்றற்குரிய மரபணுவில் ஒரு துண்டு அற்றுப்போயிருந்தது! அதனால் ஊக்கி குறைந்தது, காவலன் நிலைத்தான்.

அங்ஙனமாயின் கதிரும் சிறுக்கவேண்டுமன்றோ? இங்கேதான் வியப்பு. அதே பணியைச் செய்யும் உடன்பிறந்த மரபணு ஒன்று பூவிற் பழுதின்றி இயங்குகிறது. ஆகவே தாள் குறுகினும் மணி குறைவதில்லை. உரமிட்டாலும் பயிர் நிமிர்ந்தே நிற்கிறது.

1937இல் தோன்றிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட அம்பை 16 என்னும் குட்டை நெல்லும் ஐ.ஆர். 8இன் வழிவந்ததே. குட்டை நெல் வந்தபின் மாட்டுக்கு வைக்கோல் குறைந்ததென்று முறையிட்ட உழவரும் உண்டு, அம்முறையீடு பொய்யன்று.