எஞ்சினை மூடும் முன்

நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டு மாருதி 800 எஞ்சினை நானே கழட்டி, லேத் பட்டறையில் வேலை முடித்து வாங்கி, நானே பூட்டினேன். ஸ்டார்ட் ஆச்சு. திருத்தணியிலிருந்து அரக்கோணம் போய் வந்தது. மூணாவது நாள் ஆயில் விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்துவதற்குள் அடியில் டக் டக் சத்தம். சம்பைக் கழட்டிப் பார்த்தால், ஆயில் பம்ப் சல்லடையை அடைத்துக்கொண்டு உள்ளங்கை அகலத்துக்குப் பனியன் வேஸ்ட். அந்தத் துணியை வைத்தது நான். எடுத்துவிட்டதாக நினைத்ததும் நான்தான். பேரிங் போச்சு, கிராங்க் மறுபடி கிரைண்டிங்குக்குப் போச்சு.

இரண்டாம் முறை பூட்டும்போது ஒரு நோட்டு போட்டேன். அதிலிருந்து எடுத்தவைதான் கீழே. எஞ்சின் பூட்டுவது எப்படி என்பது இங்கே விஷயமில்லை. சரியாகத்தான் பூட்டினோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் கேள்வி.

நினைவு போதாது

நம்ம ஊர் மலைக்கோயிலுக்கு 365 படி. எண்ணிக்கொண்டே ஏறிப் பாருங்கள். நடுவில் யாராவது "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் போதும், 140-ஆ 150-ஆ என்று சந்தேகம் வந்துவிடும். எஞ்சின் பூட்டும்போது வரும் போன் காலும் அப்படித்தான். விமானப் பராமரிப்பில் இதற்கு ஒரு பழக்கம் சொல்லித் தருகிறார்கள்: இடையில் வேலை தடைப்பட்டால், விட்ட இடத்திலிருந்து தொடங்காதே, மூன்று படி பின்னால் போய்த் தொடங்கு. அறுவை சிகிச்சையிலும் தைத்து முடித்து அனுப்புவதற்கு முன் பஞ்சு, ஊசி, கருவிகளை எண்ணுவார்கள். 2008-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கை இருக்கிறது.

நான் செய்தது எளிது. நூல் பிரியாத வெள்ளைத் துணி பத்து. ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எண். சம்பை மூடும் முன் பத்தும் மேசையில் இருக்கணும். ஒன்பது இருந்தால் மூடக்கூடாது.

அளந்து பார்ப்பது

இந்த எஞ்சினில் மூணு சிலிண்டர். போர் 68.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 72. பெருக்கிப் பார்த்தால் 796 சிசி வரும். பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளிக்குப் பொதுவான கணக்கு, போர் ஒரு அங்குலத்துக்கு 0.004 அங்குலம். நம்ம போருக்கு அது சுமார் 0.27 மில்லிமீட்டர். ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் பார்க்கணும். இடைவெளி குறைவாக இருந்தால், சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டி, சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். பெட்டியில் சரியான சைஸ் அச்சிட்டிருக்கிறது என்பது அளந்ததாக ஆகாது. ஒவ்வொரு ரிங்கையும் அது வேலை செய்யப்போகும் போரிலேயே பார்க்கணும்.

பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே ஆயில் நிற்கும் இடம் இன்னும் சின்னது, பெரும்பாலும் 0.02-லிருந்து 0.05 வரை. இதை அளக்க மெழுகு மாதிரி நசுங்கும் ஒரு பிளாஸ்டிக் இழை விற்கிறது. எண்ணெய் துடைத்த கிராங்கின் மேல் ஒரு துண்டு வைத்து, கேப்பைச் சொன்ன அளவுக்கு முடுக்கி, கிராங்கைச் சுற்றாமல் திரும்பக் கழட்டினால், இழை எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறதோ அதுதான் கணக்கு. அகலமாக நசுங்கினால் இடைவெளி குறைவு.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்கணும். அலுமினியம் பிஸ்டன் 15 டிகிரி சூடேறினால் விட்டத்தில் சுமார் 0.02 மில்லிமீட்டர் விரியும். இரும்புப் போர் அதில் பாதிதான் விரியும். வெயில் பட்ட பிஸ்டனையும் நிழலில் கிடந்த பிளாக்கையும் அளந்து கழித்தால் வரும் விடை பொய். எல்லாவற்றையும் ராத்திரி ஒரே அறையில் வைத்துவிட்டுக் காலையில் அளந்தேன். கடைசி அளவு எப்போதும் அந்த எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் இருப்பதுதான்.

கையால் சுற்றுவது

எனக்கு அதிகம் உதவியது இதுதான், காசும் செலவில்லை. ஒரு மெயின் கேப் முடுக்கியதும் கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று. அடுத்த கேப், மறுபடி ஒரு சுற்று. பிஸ்டன் ஒவ்வொன்று இறக்கியதும் அதே மாதிரி. ரிங் உராய்வதால் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் கொஞ்சம் கனம் கூடும், அது இயல்பு. திடீரென்று இறுகினால் கடைசியாகச் செய்ததுதான் காரணம். தேட வேறு இடமே இல்லை.

இரண்டாவது பிஸ்டன் இறக்கியபோது எனக்கு அப்படி இறுகியது. கழட்டினேன். கனெக்டிங் ராடின் கேப்பைத் திருப்பிப் போட்டிருந்தேன். எல்லாம் பூட்டி முடித்தபின் தெரிந்திருந்தால், மூணு ராடு, மெயின் கேப்புகள் எல்லாமே சந்தேகத்தில் வந்திருக்கும். ஒரே ஒரு விஷயம் மாறியிருந்ததால் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

டைமிங் பெல்ட்டுக்கும் இதே சோதனை. குறிகள் நேராக இருக்கிறதென்று விட்டுவிடாமல், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றணும். கிராங்க் இரண்டு சுற்றினால் கேம் ஒரு சுற்று. பெல்ட்டில் தொய்வு இருந்திருந்தால் அதற்குள் வெளியே வந்துவிடும். சுற்றி முடித்தபின் குறிகள் திரும்பச் சேர்ந்தால்தான் கணக்கு சரி.

முடுக்கியதற்கு அடையாளம்

டார்க் ரெஞ்ச் காட்டுவது போல்ட் எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பதையல்ல, அதைத் திருப்ப எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்பதை. அதில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும். அதனால்தான் மரையில் எண்ணெய் போட்டால் அதே அளவில் போல்ட் அதிகமாக இழுபடும், துருவோ மண்ணோ இருந்தால் குறைவாக. மேனுவல் எண்ணெய் போடச் சொன்னால் போடுங்கள், சொல்லாவிட்டால் போடாதீர்கள்.

நான் முடுக்குவேன். தம்பி ஒவ்வொரு போல்ட்டிலும் ரெஞ்சை வைத்துப் பார்த்து பெயிண்ட் கோடு போடுவான். கோடு போடும் வேலை என்னுடையதில்லை என்பது முக்கியம். ஒன்று தெரிந்திருக்கணும்: போல்ட் நகராமல் கிளிக் கேட்டால் அந்த அளவுக்குக் குறையவில்லை என்றுதான் அர்த்தம். கூடுதலாக முடுக்கியிருந்தால் இந்தச் சோதனை காட்டாது.

ஸ்டார்ட் பண்ணும் முன்

ஆயில், கூலன்ட் ஊற்றியாச்சா என்று டிப்ஸ்டிக்கையும் ரேடியேட்டரையும் கண்ணால் பார்க்கணும். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழட்டி, இக்னிஷனைத் துண்டித்து, ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றணும். பிளக் இல்லாததால் அழுத்தம் இல்லை, பேரிங்கில் பாரமும் இல்லை. ஆயில் விளக்கு அணைந்தபின்தான் பிளக்கை மாட்டணும். அணையாவிட்டால் ஸ்டார்ட் பண்ணாமல் காரணத்தைத் தேடணும். முதல் தடவை நான் இந்தப் படியைத் தாண்டியிருந்தேன்.

எங்க தெருவில் ஒரு மெக்கானிக் அண்ணன், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். நான் வேகமாக ஹெட்டை ஏற்றப் போனபோது, "தொந்தர வேணாம்பா" என்றார். தெலுங்கில் தொந்தர என்றால் அவசரம். நமக்குத் தொந்தரவு என்றால் வேறு அர்த்தம். முதல் தடவை எனக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

அந்த எஞ்சின் இப்போதும் ஓடுகிறது. பத்தாம் எண் துணி நோட்டுக்குள்ளேயே இருக்கிறது.