மூலையில் கிடக்கும் பேட்டரி

மின்வெட்டு பாடாய்ப்படுத்திய 2012-இல், தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் மூலையில் யுபிஎஸ் குடியேறியது. இப்போது கரண்ட் எப்போதாவதுதான் போகிறது. அந்தப் பெட்டியையே மறந்துவிட்டோம். திடீரென ஒருநாள் இருட்டும், பத்தே நிமிடத்தில் விசிறியும் நிற்கும். "யுபிஎஸ் போயிடுச்சு" என்போம். பெரும்பாலும் போயிருப்பது பேட்டரிதான்.

1859-இல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் வாரிசுதான் இது. உள்ளே ஆறு அறைகள், அறைக்குச் சுமார் 2 வோல்ட். மின்சாரம் தரும்போது தகடுகளில் ஈய சல்பேட் படியும். சார்ஜ் ஏறும்போது கரையும். காலியான பேட்டரியை நாட்கணக்கில் அப்படியே விட்டால் அந்தப் படிவு கெட்டிப்பட்டுவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. உழைத்துத் தேய்வதைவிட இப்படிப் பட்டினி கிடந்து சாகும் பேட்டரிகளே அதிகம் என்பது என் எண்ணம். ஊருக்குப் போகும்போது மெயினை மட்டும் அணைத்துவிட்டு யுபிஎஸ்ஸை மறந்துவிடுகிறோம். ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும் அது பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மெயினை அணைத்தால் யுபிஎஸ்ஸையும் அணையுங்கள்.

அடுத்தது தண்ணீர். சார்ஜ் நிறைந்த பிறகும் பாயும் மின்சாரம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. குறைவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. ஆகவே ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிச்சமிருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் தூசும் உலோகத் துகளும் சேரும். "கொஞ்சம் ஆசிட் ஊத்தினா சரியாயிடும்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளியேறும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. பூஜை விளக்குக்குப் பக்கத்தில் பேட்டரி வேண்டாம்.

வெயிலும் எதிரிதான். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையினரின் கணக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வைத்துவிட்டு கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

150 ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பது, 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் மொத்தமும் குறையும். பழைய விசிறி 75 வாட் தின்னும். பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். பேட்டரியை மாற்றும் முன் விசிறியை மாற்றலாமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்டை நிறுத்தும் நாள் பேட்டரிக்குப் பரீட்சை நாள். அன்று எவ்வளவு நேரம் தாங்கியது என்று தேதியோடு பெட்டியின் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள்.