நியூசிலாந்தின் பன்றி நாய்கள்

வௌவால்களையும் கடல்வாழ் பாலூட்டிகளையும் தவிர்த்தால் நியூசிலாந்துக்கென்று சொந்தப் பாலூட்டிகள் கிடையாது. காட்டுப்பன்றி அங்கே வந்தேறி. 1773-இல் கேப்டன் ஜேம்ஸ் குக் தென்தீவின் குயின் சார்லட் சவுண்ட் பகுதியில் பன்றிகளை விட்டுச் சென்றார். அந்நாட்டார் காட்டுப்பன்றியை இன்றும் ‘கேப்டன் குக்கர்’ என்று அழைப்பது அதனால்தான். அடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ இல்லாத நாட்டில் அது பெருகியது. மேய்ச்சல் நிலத்தை மூக்கால் உழுதுபோடும். பிறந்த ஈரம் காயாத ஆட்டுக்குட்டியைத் தின்றுவிடும். உலகில் வேறெங்கும் இல்லாத பெரிய காட்டு நத்தைகளையும் விடாது. வீட்டு இறைச்சிக்காகவும் நிலத்தைக் காப்பதற்காகவும் அங்கே பன்றி வேட்டை தலைமுறைகளாக நடக்கிறது.

பெரணியும் புதரும் மண்டிய அக்காடுகளில் பத்தடிக்கு அப்பால் நிற்கும் பன்றி கண்ணுக்குத் தெரியாது. எனவேதான் நாய் தேவைப்படுகிறது. வேட்டைக் கூட்டத்தில் நாய்களுக்கு இரண்டு விதமான வேலை. மோப்பம் பிடித்துப் போய்ப் பன்றியை மறித்து, நெருங்காமல் நின்று குரைக்கும் நாய் ஒன்று. காதைக் கவ்வி அசையவிடாமல் பிடிக்கும் நாய் மற்றொன்று. வேட்டைக்காரர் வந்து, முன்னங்காலுக்குப் பின்னால் கத்தியைச் செலுத்தி முடிப்பார். நாய்கள் பிடித்திருக்கும்போது துப்பாக்கியால் சுட்டால் நாய்க்கே குண்டு பாயக்கூடும்.

இந்த வேட்டையில் பன்றி படும் வேதனையை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பிடிபட்ட நொடிக்கும் சாவுக்கும் இடையிலான நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுதான் இந்த வேட்டைக்கு நியாயம். நாய்கள் குதறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் வேட்டைக்காரர் அல்லர். நாய்க்கும் ஆபத்து உண்டு. ஆண் பன்றியின் கோரைப்பல் கத்தி போலக் கிழிக்கும். கழுத்தையும் மார்பையும் மூடும் தடித்த கவசம், காயம் கட்டும் பொருட்கள், குடிக்கத் தண்ணீர் ஆகியவை இல்லாமல் நாயை அவிழ்த்துவிடக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை கீவிப் பறவை. பறக்கத் தெரியாத அது பகலில் பொந்திலும் புதரிலும் உறங்கும். அதன் உடல் வாசனை நாயைச் சுண்டி இழுக்கும். பறக்கும் பறவைகளுக்கு உள்ள வலுவான மார்பெலும்பு அதற்கு இல்லை; நாய் விளையாட்டாகக் கவ்வினாலே நெஞ்சுக்கூடு நொறுங்கிவிடும். 1987-இல் வடதீவின் வைதாங்கி காட்டில் நடந்ததை அந்நாட்டார் மறக்கவில்லை. ஆய்வுக்காக ரேடியோ கருவி பொருத்தப்பட்டிருந்த 24 கீவிகளில் 13 செத்துக் கிடந்தன. கொன்றது ஒரே ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாய். அது சுட்டுக் கொல்லப்பட்டதும் சாவுகள் நின்றன. அக்காட்டில் இருந்த சுமார் 900 கீவிகளில் 500 வரை ஆறே வாரங்களில் அழிந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அது பன்றி நாய்கூட அல்ல. ஆனால் கட்டவிழ்ந்த எந்த நாயும் என்ன செய்யும் என்பதை அது காட்டிவிட்டது.

அதனால் அரசின் காடுகளில் நாயுடன் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். கீவி வாழும் பல பகுதிகளில், கீவியைத் தவிர்க்கும் பயிற்சி பெற்ற சான்றும் நாய்க்கு வேண்டும். இறந்த கீவியையோ அதன் இறகையோ எச்சத்தையோ வழியில் வைத்து, நாய் முகரும் கணத்தில் கழுத்துப்பட்டை மூலம் சிறு மின்னதிர்ச்சி தருவார்கள். அந்த வாசனை என்றால் விலகிப் போக வேண்டும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. பயிற்சி ஆபத்தைக் குறைக்குமே தவிர ஒழித்துவிடாது. குறித்த காலத்தில் மறுபடி சோதிக்கவும் வேண்டும்.

எலிக்கும் ‘பாஸம்’ என்னும் மரவிலங்குக்கும் காட்டில் இடப்படும் ‘1080’ நஞ்சு நாய்களுக்கு மிகக் கொடியது. நஞ்சுண்டு செத்த விலங்கைக் கடித்தாலே நாய் இறந்துவிடலாம். எனவே நஞ்சிட்ட பகுதிகளின் வரைபடத்தைப் பார்க்காமல் புறப்படக் கூடாது. பண்ணைகளுக்குள் போவதானால் நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். ஆட்டிறைச்சியை நாய்க்குப் போடுமுன் வேகவைக்க வேண்டும், இல்லையேல் மைனஸ் 10 டிகிரியில் பத்து நாள் உறையவைக்க வேண்டும். தவறினால் நாயின் கழிவு வழியே புழு முட்டைகள் மேய்ச்சல் நிலத்தில் பரவி, ஆட்டின் தசையில் கட்டிகளை உண்டாக்கும். வடதீவின் கௌரி மரங்களைக் கொல்லும் நோய்க்கிருமி, காலில் ஒட்டிய மண் வழியே பரவுவதால், காட்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் காலணியோடு நாயின் பாதங்களையும் கழுவ வேண்டும்.

இப்போது பல வேட்டைக்காரர்கள் நாயின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டுகிறார்கள். நாய் எங்கே ஓடுகிறது, அடுத்தவர் நிலத்துக்குள் புகுந்ததா என்பது கையிலுள்ள கருவியில் தெரியும். இருட்டிவிட்டது, பன்றியும் கிடைத்துவிட்டது என்று ஒரு நாயைக் காட்டிலேயே விட்டுவிட்டு வண்டியேறுவதுதான் இந்த வேட்டையில் மன்னிக்க முடியாத பிழை. பசித்த அந்த நாய்க்கு மறுநாள் எளிதில் அகப்படுவது கீவிதான்.